ஆடு செத்தால் ஆள் குற்றமா?



சம்பளம், வீடு, வேலை நேரம் என்று எழுத வேண்டிய சங்கதிகள் மலைபோல் குவிந்து கிடக்கும்போது, செம்மறி ஆட்டின் வயிற்றுப் பூச்சியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பூச்சி ஒரு தொழிலாளியின் சோற்றுத் தட்டில் கை வைத்ததை நாம் நேரில் பார்த்தோம். அதனால்தான் எழுதுகிறோம்.

பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். பெயர் வேண்டாம். மரத்தடியில் முளைக்கும் புல் பூண்டைத் தின்பதற்காக நிர்வாகம் அங்கே செம்மறி ஆடுகளை வளர்த்து வந்தது. மந்தையை மேய்ப்பது நம் ஆள் ஒருவரின் வேலை. காலையில் பட்டியைத் திறந்து விடுவதும், மாலையில் எண்ணி அடைப்பதும், மருந்து ஊற்றுவதும் அவர் பொறுப்பு. ஒரு மழைக் காலத்தில் ஆடுகள் வரிசையாக விழ ஆரம்பித்தன. முதலில் மந்தைக்குப் பின்னால் தங்கும். பிறகு தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்கும். இரண்டொரு நாளில் படுத்துவிடும். காலையில் பட்டியைத் திறந்தால் செத்துக் கிடக்கும்.

நிர்வாகம் என்ன சொன்னது? "மருந்து வாங்கிக் கொடுத்தோம். இவன் ஊற்றவில்லை. கீழே கொட்டியிருப்பான், இல்லாவிட்டால் வெளியில் விற்றிருப்பான்." காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. செத்த ஆட்டின் விலையைச் சம்பளத்தில் பிடிப்போம் என்று வாய்ப்பேச்சாக ஒரு மிரட்டலும் வந்தது.

நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் திண்ணையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "அண்ணே, மூணு வாரத்துக்கு ஒருக்கா தவறாம ஊத்துறேன். ஒரு ஆட்டையும் விட்டதில்லே. ஊத்த ஊத்தத்தானே சாவுது!" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "ராத்திரியிலேகூட எழுந்து போய்ப் பாக்குறாரு அண்ணே. புள்ளைங்களைக்கூட அப்படிப் பாத்ததில்லே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஊற்ற ஊற்றத்தான் செத்தன. எப்படி என்று கேட்கிறீர்களா? அதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் போனால் நாளைக்கு இன்னொரு தோட்டத்தில் இன்னொரு தொழிலாளி இதே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

ரத்தம் குடிக்கும் பூச்சி

ஆட்டு வயிற்றில் பல வகைப் பூச்சிகள் உண்டு. நம் நாட்டைப் போல வெயிலும் மழையும் கலந்த பூமியில் எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று. ஹெமோன்கஸ் என்று அதற்குப் பெயர். ஆட்டின் நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம்தான். பெண் பூச்சியின் ரத்தம் நிறைந்த குடலைச் சுற்றி வெள்ளையாக முட்டைக் குழாய் முறுக்கிக்கொண்டிருக்கும். பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் சேர்த்துத் திரித்த நூல் மாதிரி இருக்கும்.

ஒரு பூச்சி ஒரு நாளைக்குக் குடிப்பது ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்குதான். அற்பம்! ஆனால் ஆயிரம் பூச்சி சேர்ந்தால் தினம் 50 மில்லி. ஐயாயிரம் சேர்ந்தால் கால் லிட்டர். ஒரு செம்மறி எத்தனை நாள் தாங்கும்? எண்ணிப் பாருங்கள்.

ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கும் மேல் முட்டையிடும். முட்டை புழுக்கையோடு வெளியே வரும். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு வாரத்துக்குள் பொரித்துக் குஞ்சுப் புழுவாகி, பனி ஈரத்தில் புல்லின் மேல் ஏறிக் காத்திருக்கும். ஆடு மேயும்போது வயிற்றுக்குள் போகும். மூன்று வாரத்தில் அது பெரிய பூச்சியாகித் தானும் முட்டையிட ஆரம்பிக்கும். நம் பாட்டன்மார் "பனி காயுமுன்னே ஆட்டை அவுத்து விடாதே" என்று சொன்னதில் எத்தனை அறிவு இருந்தது பார்த்தீர்களா?

மருந்து ஏன் தோற்றது?

இந்தப் பூச்சியைக் கொல்ல மருந்து இல்லையா? இருந்தது. நல்ல மருந்தாகவே இருந்தது. 1961-இல் தயாபெண்டசோல் என்ற மருந்து வந்தது. பூச்சிக்கு முடிவு கட்டியாயிற்று என்று உலகமே சந்தோஷப்பட்டது. 1964-லேயே அதற்கு அசையாத ஹெமோன்கஸ் அமெரிக்காவில் தென்பட்டுவிட்டது. பிறகு லெவாமிசோல் வந்தது. 1981-இல் ஐவர்மெக்டின் வந்தது. அந்த மருந்தைக் கண்டுபிடித்த வில்லியம் கேம்பல், சத்தோஷி ஓமுரா இருவருக்கும் 2015-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்பேர்ப்பட்ட மருந்தையும் 1980-கள் முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் செம்மறிப் பூச்சி வென்றுவிட்டது. 2009-இல் நியூசிலாந்தில் மோனபாண்டெல் என்ற புத்தம்புது மருந்தை இறக்கினார்கள். 2013-இல் அதே நாட்டில் அதுவும் ஒரு பண்ணையில் தோற்றுப்போன செய்தி வந்தது.

"பூச்சிக்கு மருந்து பழகிப்போச்சு" என்று நாம் சொல்வோம். அது சரியல்ல. எந்தப் பூச்சியும் மருந்தைக் குடித்துப் பழகுவதில்லை. ஆயிரம் பூச்சியில் ஒன்றிரண்டு பிறவியிலேயே மருந்துக்குச் சாகாததாக இருக்கும். மருந்து ஊற்றினால் மற்றதெல்லாம் செத்து, அந்த ஒன்றிரண்டு மிஞ்சும். அப்புறம் முட்டையிடுவது யார்? மிஞ்சியதுதான். அதன் பிள்ளைகளும் சாகாத பிள்ளைகள். மறுபடி மறுபடி ஊற்றினால், கடைசியில் வயிறு முழுக்க அந்த வம்சம்தான் இருக்கும். மருந்து தண்ணீராகிவிடும்.

மருந்தடிக்கும் வேலை செய்யும் நம் தாய்மார்களுக்கு இது புதிதல்ல. கேழ்வரகுக் கதிர் மாதிரி விரல் விரலாகக் கதிர் விடும் ஒரு புல் இருக்கிறதே, மலாய்க்காரர்கள் சம்பாவ் என்பார்கள். களைக்கொல்லியான கிளைபோசேட்டை மறுபடி மறுபடி அடித்தும் சாகாத சம்பாவ் புல் 1997-இல் நம் தெலுக் இந்தானில் கண்டுபிடிக்கப்பட்டது. புல்லுக்கு நடந்ததுதான் பூச்சிக்கும் நடந்தது. ஒரே மருந்து, ஒரே முறை, ஓயாத அடி. மிஞ்சுவது முரட்டு வம்சம்.

இப்போது அந்தத் திண்ணைத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மந்தை முழுவதற்கும், ஒரே மருந்து. நிர்வாகம் எழுதிக் கொடுத்த கணக்கு அது. அவர் அதைச் சோம்பேறித்தனமாகச் செய்திருந்தால்கூட மருந்து இன்னும் கொஞ்ச காலம் வேலை செய்திருக்கும். விசுவாசமாகச் செய்ததால் சீக்கிரம் தோற்றது. கடமையைச் செய்தவனுக்குக் காரணம் கேட்டுக் கடிதம்! என்ன நியாயம் இது?

சொன்னவர்கள் உண்டு, கேட்டவர்கள் யார்?

இது யாரும் அறியாத ரகசியமல்ல. 1970-களிலும் 1980-களிலும் ரப்பர் மரத்தடியில் செம்மறி வளர்க்கும் திட்டம் நம் நாட்டில் பெரிதாகப் பேசப்பட்டது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகமே அதை ஊக்குவித்தது. களையெடுக்கும் செலவு குறையும், கறியும் கிடைக்கும் என்றார்கள். நம் நாட்டுச் செம்மறியோடு டோர்செட் இனத்தைக் கலந்தார்கள். நாம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பால் மரத்தின் கீழே அந்த ஆடுகள் மேய்வதைப் பார்த்தபடிதான் நடந்து போவோம். ஆடு வந்தது. கூடவே மருந்துப் போத்தலும் வந்தது.

1990-களில் நம் விஞ்ஞானிகளே எச்சரிக்கை செய்தார்கள். டாக்டர் பி. சந்திரவதனியும் அவருடன் சேர்ந்தவர்களும் தீபகற்ப மலேசியாவின் ஆட்டுப் பண்ணைகளைச் சோதித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், செம்மறிப் பண்ணைகளில் ஏறத்தாழப் பாதியில் ஒரு முக்கிய மருந்துக் குடும்பம் பலிக்கவில்லை என்று கண்டார்கள். சபாவில் அரசாங்க இனப்பெருக்கப் பண்ணைகளிலேயே மருந்துகள் முழுவதுமாகத் தோற்றுவிட்டதாக 2004-இல் எழுதினார்கள். அரசாங்கப் பண்ணைக்கே அந்தக் கதி என்றால் தோட்டத்துப் பட்டி எம்மாத்திரம்?

ஆகவே ஆடு சாகும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி "மருந்து ஊற்றினாயா?" என்பதல்ல. "இந்த மருந்து இந்த மந்தையில் இன்னும் வேலை செய்கிறதா?" என்பதுதான். அதற்குப் பதில் கண்டுபிடிப்பது ஒன்றும் கம்பசூத்திரம் அல்ல. மருந்து ஊற்றும் அன்று சில ஆடுகளின் புழுக்கையை எடுத்துச் சோதனைச் சாலையில் முட்டையை எண்ண வேண்டும். பத்திலிருந்து பதினாலு நாள் கழித்து அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடி எண்ண வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறைவாக முட்டை இறங்கியிருந்தால் மருந்து தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

நாங்களும் அதைத்தான் கேட்டோம். விசாரணைக்கு முன்னால் புழுக்கையைச் சோதிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றோம். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். கால்நடை மருத்துவர் முன்னிலையில், எடை பார்த்து, சரியான அளவில் மருந்து ஊற்றினார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு எண்ணிப் பார்த்தால், மருந்துக்கு முன் எத்தனை முட்டையோ கிட்டத்தட்ட அத்தனையும் அப்படியே இருந்தது! கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மன்னிப்பு ஒரு வார்த்தை வரவில்லை. மீதி ஆடுகளை விற்றுவிட்டார்கள். நம் ஆள் இப்போது குலை வெட்டுகிறார். "ஆடு மேய்க்கிறதே நல்லாயிருந்துச்சு அண்ணே" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.

ஒன்றை எல்லோரும் மனத்தில் வையுங்கள். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 24-ஆம் பிரிவு, எதை எதைச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. நோயில் செத்த ஆட்டின் விலையை முதலாளி தன்னிஷ்டத்துக்குப் பிடித்துக்கொள்ள அதில் இடமில்லை. யாராவது பயமுறுத்தினால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் சங்கத்துக்கு வாருங்கள்.

நம் கையிலும் தப்பு இருக்கிறது

நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் நாம் நேர்மையானவர்கள் ஆக மாட்டோம். நம் வீட்டுக் கொல்லையிலும் ஆடு இருக்கிறது. தீபாவளிக்கு ஒன்று, முனியாண்டி பூசைக்கு ஒன்று, பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஒன்று என்று நம் பெண்கள் வளர்க்கிறார்கள். அந்த ஆடு நமக்கு வங்கிக் கணக்கு மாதிரி. அதற்கு நாம் எப்படி மருந்து கொடுக்கிறோம்?

ஒரு போத்தல் வாங்கி நாலு வீடு பங்கு போடுகிறோம். ஆட்டை நிறுக்காமல் கண்ணளவில் ஊற்றுகிறோம். மருந்து விலை அதிகம் என்று பாதி அளவு கொடுக்கிறோம். பாதி அளவு மருந்து பூச்சியைக் கொல்லாது, பலவீனமானதைக் கொன்று பலமானதைப் பொறுக்கி வைக்கும். இன்னொன்று: செம்மறிக்கு எழுதிய அளவையே வெள்ளாட்டுக்கும் கொடுக்கிறோம். வெள்ளாட்டின் உடம்பு பல மருந்துகளைச் சீக்கிரம் கழித்துவிடும். அதனால் செம்மறி அளவு அதற்குப் போதாது. அதற்காக நாமே கூட்டி ஊற்றினால் சில மருந்து ஆட்டையே கொன்றுவிடும். மருத்துவரைக் கேட்காமல் அளவை மாற்றாதீர்கள். மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் கறிக்கு வெட்டக் கூடாது, பாலைக் குடிக்கக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாலைக் குடிப்பது நம் குழந்தைகள்.

சந்தையில் ஆடு வாங்கினால் அன்றைக்கே பட்டியில் சேர்த்துவிடுகிறோம். அந்த ஆட்டோடு வேறு ஊரின் சாகாத பூச்சியையும் சேர்த்து வாங்கி வருகிறோம் என்பது நமக்குத் தெரிவதில்லை. புது ஆட்டைத் தனியே கட்டி, புழுக்கையைச் சோதித்த பிறகே மந்தையில் விட வேண்டும்.

வழி இருக்கிறது

மருந்து தளர்ந்தால் ஆடு வளர்ப்பே முடிந்ததா? இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஒரு நல்ல முறை கண்டுபிடித்தார்கள். ஆட்டின் கீழ் இமையை மெல்ல விலக்கி உள்ளே நிறத்தைப் பார்ப்பது. நல்ல சிவப்பாக இருந்தால் ரத்தம் இருக்கிறது, மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் ரத்தம் போய்விட்டது, உடனே மருந்து வேண்டும். சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து நிறங்கள் போட்ட ஓர் அட்டை அதற்கு உண்டு. ஃபமாச்சா அட்டை என்பார்கள். நாலாவது, ஐந்தாவது நிறம் என்றால் தாமதிக்கக் கூடாது. குட்டிகளும் சினையாடும் என்றால் மூன்றாவது நிறத்திலேயே கவனிக்க வேண்டும். மழைக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. ரத்தம் குடிக்கும் பூச்சிக்குத்தான் இந்த முறை. வேறு பூச்சியால் கழிச்சல் வந்தால் இமை காட்டிக் கொடுக்காது.

இதில் என்ன லாபம்? மந்தையில் எல்லா ஆட்டுக்கும் பூச்சி சமமாக இருப்பதில்லை. ஐந்தில் ஒன்றிரண்டு ஆடுகள்தான் பெரும்பாலான பூச்சியைச் சுமக்கின்றன. அவற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் காசு மிச்சம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. மருந்து படாத ஆடுகளில் மருந்துக்குச் சாகும் பூச்சிகள் கொஞ்சம் உயிரோடிருக்கும். அவை முரட்டுப் பூச்சியோடு கலந்து அந்த வம்சம் பெருகாமல் தடுக்கும். எல்லாப் பூச்சியையும் ஒழிக்க நினைத்தால் மருந்து ஒழியும். கொஞ்சம் விட்டுவைத்தால் மருந்து வாழும்.

இன்னொரு வழி மேய்ச்சலை மாற்றுவது. நம் ஊர்ச் சூட்டில் குஞ்சுப் புழு புல்லில் நெடுங்காலம் உயிரோடிருக்காது. ஐந்து வாரத்துக்குள் பெரும்பாலானவை செத்துவிடும். 1990-களில் பசிபிக் தீவுகளான பிஜியிலும் தோங்காவிலும் மேய்ச்சல் நிலத்தைப் பத்துப் பங்காக வேலி போட்டார்கள். ஒரு பங்கில் மூன்றரை நாள் மேய்ச்சல், பிறகு அடுத்த பங்கு. முதல் பங்குக்குத் திரும்ப ஐந்து வாரம் ஆகும். முட்டை பொரித்துப் புழு ஏறும் முன்பே ஆடு நகர்ந்துவிடும். ஆடு திரும்பி வரும்போது புழு செத்திருக்கும். பூச்சி வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மரங்கள் நிரை நிரையாக நிற்கும் தோட்டத்தில் நிலத்தைப் பிரிப்பது முடியாத காரியமா?

வீட்டு ஆட்டுக்குப் பரண் போட்ட கொட்டகை நல்லது. புழுக்கை கீழே விழுந்துவிடும். புல்லை வெயில் ஏறிய பிறகு, தரையோடு ஒட்ட அறுக்காமல் கொஞ்சம் மேலே அறுத்துப் போடுங்கள். அடித்தூரில்தான் புழு அதிகம் தங்கும். வேப்பிலையைத் தினமும் தீனியாகக் கொடுத்துப் பார்த்த சோதனையும் இங்கே நடந்திருக்கிறது. கொடுக்கலாம். ஆனால் இமை வெளுத்த ஆட்டுக்கு வேப்பிலையை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். உடம்பு தேறட்டும் என்று செம்மறிக்குச் செம்பனைப் புண்ணாக்கை அள்ளி அள்ளியும் போடாதீர்கள். அதில் உள்ள செம்புச் சத்து செம்மறிக்கு நஞ்சாகும்.

நாம் கேட்பது

ஆடு வளர்க்கும் நிர்வாகங்களே, மந்தைக்கு ஒரு தராசு வாங்குங்கள். மருந்து வாங்கும் முன் புழுக்கையைச் சோதியுங்கள். மேய்ப்பவருக்கு இமை பார்க்கக் கற்றுக்கொடுங்கள். கற்ற வேலைக்கு ஏற்ற கூலி கொடுங்கள். சோதனைத் தாள் கையில் இல்லாமல் தொழிலாளி மேல் பழி போடாதீர்கள்.

கால்நடை இலாகா அதிகாரிகளே, ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. அறிவு அங்கே இருக்கிறது. ஆனால் லயத்தில் நாலு ஆடு வளர்க்கும் பெண்ணுக்கு அது எட்டவில்லை. தமிழில் ஒரு தாள், தோட்டத்தில் ஒரு நாள் பயிற்சி, இதுகூடவா பெரிய செலவு?

தோட்டத்து உறவுகளே, நம்மிடமும் ஒன்று கேட்கிறோம். மருந்து நம் ஒருவர் வீட்டுச் சொத்தல்ல. ஒருவர் தப்பாக ஊற்றினால் பக்கத்து வீட்டு ஆடும் சாகும். சங்கச் சந்தா மாதிரி, அதை எல்லோரும் சேர்ந்துதான் காப்பாற்ற வேண்டும். நாளைக்குக் காலையில் ஆட்டை அவிழ்க்கும்போது போத்தலைத் தேடாதீர்கள். முதலில் இமையை விலக்கிப் பாருங்கள்.